ரிலீஸ் வேண்டாம், விரல் போதும்: எந்த காம்பவுண்ட் வில் வாங்கலாம்?

கேள்வி: கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர், 4 மே 2025

அண்ணே, காலேஜில் மூன்று வருடம் ரீகர்வ் (சக்கரம் இல்லாத, நுனி வளைந்த வில்) விட்டேன், 38 பவுண்டு இழுப்பு. இப்போது வலது தோள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, முழுசாக இழுத்துப் பிடித்து நிற்க முடியவில்லை. காம்பவுண்ட், அதாவது சக்கரம் வைத்த வில் என்றால் கடைசியில் பாரம் குறைந்துவிடும் என்கிறார்கள். ஆனால் நாணைக் கவ்விப் பிடித்து விடுகிற ரிலீஸ் கருவியின் பட்டனை அமுக்குவது எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு நண்பனுடையதை வாங்கி இழுத்தேன், பாதியிலேயே பட்டனில் விரல் பட்டு என் முஷ்டியாலேயே என் மூக்கில் குத்திக்கொண்டேன். பழையபடி விரல்தோல் (விரலுக்கும் நாணுக்கும் நடுவே வைக்கிற தோல் துண்டு) போட்டே காம்பவுண்ட் விடலாமா? மச்சான் அடுத்த மாதம் துபாயிலிருந்து வருகிறார். அங்கே 30 அங்குல வில் ஒன்று நல்ல விலைக்கு இருக்கிறதாம், 80 சதவீதம் லெட்-ஆஃப், அதாவது முழு இழுப்பில் அவ்வளவு பாரம் குறையுமாம். வாங்கி வரச் சொல்லட்டுமா?

5 மே 2025, காலை

வேண்டாம். மச்சானுக்கு இப்போதே போன் போடுங்கள். காரணம் ராத்திரி எழுதுகிறேன், தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

5 மே, இரவு

விரலால் விடலாமா என்றால் தாராளமாக விடலாம். காம்பவுண்ட் வில் பிறந்ததே விரலுக்குத்தான். அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை வாங்கினார். அப்போது வந்த வில்கள் எல்லாம் நெடுநெடுவென்று இருந்தன, ஆட்கள் விரலால்தான் இழுத்தார்கள். அப்புறம் ரிலீஸ் பரவப் பரவ வில் குட்டையாகிக்கொண்டே வந்தது. மரத்து மேல் உட்கார்ந்து மான் வேட்டையாடுகிற ஆளுக்குக் குட்டை வில் வசதி, ரிலீஸ் நாணை ஒரே புள்ளியில் பிடிப்பதால் அவருக்கு நாண் எவ்வளவு மடங்கினாலும் கவலை இல்லை.

நமக்குக் கவலை உண்டு. ஒரு தாளில் இரண்டு வில் வரைந்து பாருங்கள், ஒன்று 30 அங்குலம், ஒன்று 42. இரண்டையும் ஒரே அளவு இழுத்தால் குட்டை வில்லில் நாண் கூரான 'V' மாதிரி மடங்கும். நெட்டை வில்லில் கோணம் அகன்று இருக்கும். உங்கள் மூன்று விரலும் அந்த V-யின் முனைக்குள்தான் உட்கார வேண்டும். கோணம் கூரானால் சுட்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலை இரண்டு பக்கமும் நசுக்கும், அம்பின் நாக் (வாலில் நாண் செருகுகிற பள்ளம்) அதற்குள் சிக்கும், அம்பு ரெஸ்டை (அம்பு உட்காருகிற தாங்கியை) விட்டு எழும். கதவிடுக்கில் விரல் வைத்த மாதிரி என்று சொல்லலாம், என்ன, கதவை நாமே சாத்திக்கொள்கிறோம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது வேகம் இல்லை, பிராண்டு இல்லை, அச்சுக்கு அச்சு நீளம். மேல் சக்கரத்தின் அச்சாணியிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சாணி வரை நேர்கோட்டில் டேப் பிடித்து அளப்பது. லிம்பின் (வில்லில் வளைகிற கை) வளைவோடு அளந்துவிட்டு 34 என்பதை 38 என்று விற்கிற ஆட்களும் உண்டு. 40-க்குக் கீழே விரல் வைக்காதீர்கள்.

7 மே

'நீங்கள் குட்டை வில்லை விரலால் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா, சும்மா படித்ததைச் சொல்கிறீர்களா' என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

விட்டிருக்கிறேன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது கூட வேலை பார்த்தவர் ஊருக்குத் திரும்புகையில் தன் வில்லை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 30 அங்குலம், வேட்டை வில், கூடவே மணிக்கட்டில் கட்டுகிற ரிலீஸ். 2019இல் நானும் உச்சிப்புளிக்கு வந்துவிட்டேன். வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டே வருடத்தில் ரிலீஸின் ஸ்பிரிங் உப்புக் காற்றில் பொரிந்து போனது. புதுசு வாங்க இங்கே கடை ஏது? ரீகர்வ் ஆட்கள் எல்லாம் விரலால்தானே விடுகிறார்கள் என்று ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தேன்.

முதல் நாலைந்து அம்பு இலக்காகக் கட்டிய சாக்கில் ஏதோ ஒரு மூலையில் பட்டது. ஆறாவது அம்பில் நாணை அறியாமல் கொஞ்சம் முறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. விட்ட நேரத்தில் தகர டப்பாவை எறிந்த மாதிரி ஒரு சத்தம். கீழ்க் கேமிலிருந்து (வட்டமாக இல்லாத சக்கரம் அது) நாண் கழன்று தொங்குகிறது, சக்கரத்தோடு இணைந்த கேபிள் கேமுக்கும் லிம்புக்கும் நடுவே செருகிக் கிடக்கிறது, இடது முன்னங்கையில் முழ நீளத்துக்குச் சிவப்புக் கோடு. லிம்ப் நுனியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். அம்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஆடு மேய்க்கிற பொடியன்கள் எடுத்திருப்பார்கள் என்று அவர்களைத் திட்டி வைத்திருக்கிறேன்.

ரிலீஸ் நாணை நேராகப் பின்னால் இழுக்கும். மூன்று விரல் அப்படி இழுக்காது. கை கொஞ்சம் சாய்ந்தால் நாணும் திருகும், குட்டை வில்லில் அந்தத் திருகல் அப்படியே கேமின் பள்ளத்துக்குப் போய்ச் சேரும்.

8 மே

திருத்தம். பரணில் கிடக்கிற அந்த உடைந்த வில்லை எடுத்து அளந்தேன். 30 இல்லை, 31. என் வாதம் மாறவில்லை. ஆனால் மூன்று நாள் முன்புதான் அளப்பதைப் பற்றி உபதேசம் செய்தேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

11 மே

லெட்-ஆஃப் பற்றி எழுதாமல் விட்டேன். கேட்டவருக்குத் தோள் வலி. 80 சதவீதம் பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கணக்கைப் பாருங்கள். 50 பவுண்டு வில். 80 சதவீதம் என்றால் முழு இழுப்பில் விரலில் நிற்பது 10 பவுண்டு. 65 என்றால் பதினேழரை. பழைய உருண்டைச் சக்கர வில்களில் 50 சதவீதம்தான், அதில் 25 நிற்கும். 10 பவுண்டில் கை சுகமாக இருக்கும், ஆனால் விடும்போதுதான் தெரியும் சங்கதி. நாணுக்கு விரலைத் தள்ளிக்கொண்டு போக வலு இருக்காது. விரல் திறக்கும் வேகமும் நாண் கிளம்பும் வேகமும் ஒத்துப்போகாமல் நாண் விரல்நுனியில் வழுக்கி வழுக்கிப் பக்கவாட்டில் இழுபடும். ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு விதமாகப் போகும். 17, 20 பவுண்டு நின்றால் நீங்கள் பிடியை விட்டதும் நாணே விரலை உதறிவிட்டுப் போய்விடும். ரீகர்வில் நீங்கள் 38 பவுண்டையும் விரலில் பிடித்தவர். 17 உங்களுக்குப் பஞ்சு.

ஆனால் தோளுக்காக ஒன்று. காம்பவுண்டில் பாரம் குறைவது கடைசியில்தான். நடுவில் முழுப் பாரமும் வருகிற அந்த மேட்டை ஏறியே ஆக வேண்டும், கடுமையான கேம் என்றால் மேடு சீக்கிரமே வந்து நெடுநேரம் நிற்கும். உருண்டைச் சக்கரத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். தோள் கெட்டவருக்கு அதுதான் ஏற்றது. உட்கார்ந்த நிலையில் வில்லை ஆட்டாமல் நேராக இழுக்க முடிகிற பவுண்டு எதுவோ அதுதான் உங்கள் பவுண்டு. வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கி இறக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் அது அதிகம்.

12 மே

'உருண்டைச் சக்கரம் மாட்டுவண்டி வேகம்' என்று எழுதிய நண்பருக்கு: ஆமாம். 20 மீட்டரில் கட்டிவைத்திருக்கிற சாக்கு எங்கும் ஓடிப்போகாது.

18 மே

5ஆம் தேதி '40-க்குக் கீழே விரல் வைக்காதீர்கள்' என்று அடித்துச் சொன்னேன். அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். மகளுக்கு 14 வயது, கை நீளம் குறைவு, அவளுக்கும் 40 அங்குல வில்தானா, வில்லே அவளை விட உயரமாகத் தெரியுமே என்று. சரியான கேள்வி, நான்தான் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். நாண் மடங்கும் கோணம் வில்லின் நீளத்தை மட்டும் பொறுத்தது இல்லை, எவ்வளவு இழுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. 24, 25 அங்குலம் இழுக்கிற பிள்ளைக்கு 36 வில்லிலேயே கோணம் அகலமாக இருக்கும். 30 அங்குலம் இழுக்கிற நெட்டை ஆளுக்கு 42, 43கூட நெருக்கலாம்.

இழுப்பு நீளம் தெரியாதவர்கள் சுவரில் முதுகை ஒட்டி இரண்டு கையையும் விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுங்கள். 68 அங்குலம் வந்தால் 27 சொச்சம். இது ஆரம்பக் கணக்குதான். ரிலீஸ் ஆளை விட விரல் ஆளுக்கு வில்லின் இழுப்பு அரை அங்குலம் கூடத் தேவைப்படலாம், ஏனென்றால் ரிலீஸ்காரருக்கு நாணில் கட்டிய வளையமும் ரிலீஸின் கழுத்தும் கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிடும், நமக்கு நாணே வாயோரம் வர வேண்டும்.

இன்னொன்று. கேம் பெரிதாக இருந்தால் நாண் கேமின் விளிம்பிலிருந்து கிளம்பும், அச்சிலிருந்து இல்லை. பெரிய கேம் வைத்த 37 அங்குல வில், சின்னச் சக்கரம் வைத்த 39 மாதிரி நடந்துகொள்வதும் உண்டு. ஆகவே எண் ஒரு வழிகாட்டி. இழுத்துப் பிடித்து, சுட்டுவிரல் நசுங்குகிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. நாணில் அம்பு இல்லாமல் இழுக்கவே இழுக்காதீர்கள். கை நழுவினால் வெறும் நாண் அடித்து வில்லே சிதறும். அம்பை வைத்து, சாக்குக்கு முன்னால் நின்று இழுத்துப் பாருங்கள்.

25 மே

மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது என்பதால் பாம்பன்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம், மாமா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் வத்தையில் (சின்னப் படகில்) தூண்டில் தொழில் பார்த்தவர். தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) அறுத்து அறுத்து சுட்டுவிரலின் முதல் மடிப்பில் குறுக்கே ஒரு பள்ளம், உள்ளே தோல் மாட்டுக் குளம்பு மாதிரி. என் நெட்டை வில்லைப் பார்த்துவிட்டு, இது என்ன சைக்கிள் சக்கரமெல்லாம் வச்சிருக்கு, கொடு மருமகனே என்றார். விரல்தோலை நீட்டினேன். தூண்டிலுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி விரலில் மாட்டுவோம், இந்த நூலுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று வெறும் விரலில் இழுத்தார்.

நான் ஆறு மாதம் தலைகீழாக நின்று பழகியதை அந்த மனிதர் மூன்றாவது அம்பில் செய்தார். கை அசையவே இல்லை. நாண் போய்விட்டது, விரல் இருந்த இடத்திலேயே தளர்ந்து கிடக்கிறது. எப்படி மாமா என்றேன். பெரிய மீன் இழுக்கும்போது தங்கூசியை நீ விடக்கூடாது, அதுவா போகணும், நீ பிடிக்காம இருந்தாப் போதும் என்றார்.

இதைத்தான் சுற்றி வளைத்து 11ஆம் தேதி எழுதினேன். விரலைத் திறப்பது வேறு, பிடியை நிறுத்துவது வேறு. திறக்கிறவன் விரல் வெளிப்பக்கமாக விரியும், நாணையும் கூடவே தள்ளும்.

அவர் பிடித்த இடத்தையும் கவனித்தேன். நாண் விரலின் முதல் மூட்டு மடிப்பில் இருந்தது, நுனியில் இல்லை. புதிதாக வருகிறவர்கள் பயத்தில் நுனியில் தொட்டுத் தொட்டு இழுக்கிறார்கள், அதில்தான் நாண் திருகுகிறது. மூன்று விரலில் இழுத்து, முழு இழுப்புக்கு வந்ததும் சுட்டுவிரலையோ மோதிரவிரலையோ தளர்த்தி இரண்டு விரலில் நிற்கிறவர்களும் உண்டு. குட்டை வில்லோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தால் அது ஒரு வழி. நான் மூன்றிலேயே நிற்கிறேன்.

(கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. இந்தப் பிடி மட்டும் அப்போதே தெரிந்திருந்தால் துரோணர் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏகலைவன் மறுநாளே பயிற்சிக்குப் போயிருப்பான்.)

26 மே

விரல்தோலுக்குத் தமிழில் பெயர் இல்லையா என்று கேட்டவருக்கு: வில்லாளியின் கையுறைக்குப் பழைய தமிழில் கோதை என்று பெயர் உண்டு. மாலைக்கும் அதே சொல். கடையில் போய்க் கோதை கேட்டால் பூக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

1 ஜூன்

வில்லை விட ரெஸ்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாசகர் புது வில்லோடு வருகிற ரெஸ்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றார். முடியாது, பெரும்பாலும்.

ரிலீஸால் விட்டால் அம்பு மேலும் கீழுமாகத்தான் லேசாக வளையும். விரலால் விட்டால் நாண் விரலைச் சுற்றிக்கொண்டு வருவதால் அம்பு பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போகும். அந்த நெளிவை ஏந்திக்கொள்ளப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் வேண்டும், அம்பு உட்கார மெல்லிய கம்பி ரெஸ்ட் வேண்டும். ரீகர்வ் விட்டவருக்கு இது புதிதில்லை, அதே ஜோடிதான். விழுகிற ரெஸ்ட், தூரிகை மாதிரி அம்பைச் சுற்றிப் பிடிக்கிற ரெஸ்ட், இரண்டும் ரிலீஸை மனத்தில் வைத்துச் செய்தவை. வாங்கும்போது ரைசரில் (கைப்பிடி இருக்கிற நடுப் பாகத்தில்) பிளஞ்சர் திருகுகிற துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வலதுகைக்காரர் அம்பு முனையை நாண் கோட்டுக்கு மயிரிழை இடது பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். இறகு ஒட்டாத அம்பு ஒன்றை மற்ற அம்புகளோடு சேர்த்து விட்டுப் பாருங்கள். அது இடதுபக்கம் போனால் அம்பு விறைப்பு, வலதுபக்கம் போனால் துவளல். விறைப்பென்றால் பிளஞ்சர் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், துவளலென்றால் இறுக்குங்கள். அதிலும் அடங்காவிட்டால் அம்பை மாற்ற வேண்டும். அலுமினிய அம்பில் 2013 என்று எழுதியிருக்கும், அது வருடம் இல்லை. முதல் இரண்டு எண் அம்பின் விட்டம், அங்குலத்தின் 64 பங்கில் 20. அடுத்த இரண்டு சுவர்த் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் 13. நான் முதலில் வருடம் என்றுதான் நினைத்தேன், பழைய ஸ்டாக் என்று விலைகூடக் குறைத்துக் கேட்டேன்.

நாணில் அம்பின் நாக் உட்காருகிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் நூல் முடிச்சுப் போடுங்கள், ஆனால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட இடம் வையுங்கள். இழுக்கும்போது நாண் மடங்கி முடிச்சு இரண்டும் அந்த நாக்-ஐக் கவ்வும்.

2 ஜூன்

யாரோ 'இந்த வில்லால் கடலில் மீன் அடிக்கலாமா, தீவுப் பக்கம் போனால் ஆழம் குறைவுதானே' என்று கேட்டிருக்கிறார். தம்பி, அந்த 21 தீவும் 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வில்லோடு அங்கே போய் நின்றால் மீன் கிடைக்காது, கேஸ் கிடைக்கும். மயில், முயல் பற்றியும் கேட்க வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. அரிசிச் சாக்கில் பழைய துணியைக் கட்டை வைத்து இடித்து இறுக்கித் திணியுங்கள், அது போதும். பழைய வலையைத் திணிக்காதீர்கள். நைலான் உருகிக் கார்பன் அம்பில் ஒட்டிக்கொள்கிறது, பிடுங்கும்போது பல் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

9 ஜூன்

பெயர் சொல்லுங்கள், பெயர் சொல்லுங்கள் என்கிறீர்கள். பழையதில் தேடினால் ஹொய்ட் புரோடெக், மாத்யூஸ் கான்குவெஸ்ட் வரிசை, இவையெல்லாம் 40-ஐ ஒட்டிய நீளம், விரல் ஆட்கள் இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒனைடா என்று ஒன்று உண்டு, நெம்புகோல் வைத்து ரீகர்வ் மாதிரி லிம்ப், நாண் போகிற போக்கும் ரீகர்வை ஒத்திருக்கும். அழகான சாமான், ஆனால் பாகங்கள் அதிகம். பழுதானால் இங்கே யார் கழற்றுவது? ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் லிம்பும் கேமும் மாறும், ஆகவே பெயரை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

என்னுடையது பெங்களூரில் ஒருவர் ஷெட்டில் கிடந்த 43 அங்குல உருண்டைச் சக்கரம். லேபிள் உரிந்துவிட்டது. கம்பெனி பெயர் எனக்கே தெரியாது.

பிரேஸ் ஹைட் ஏழரை, எட்டு அங்குலம் இருந்தால் நல்லது. நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி அது. அது கூடினால் அம்பு நாணை விட்டுச் சீக்கிரம் பிரிந்துவிடும், நம் விரல் செய்கிற பிழையைச் சுமந்துகொண்டு போகிற நேரம் குறையும். ஆறு அங்குல வில்கள் வேகமானவை, மன்னிக்காதவை.

10 ஜூன்

போட்டிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: உலக வில்வித்தைச் சங்கத்தின் காம்பவுண்ட் பிரிவில் ரிலீஸ் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. விரலோடு போய் நிற்கலாம், ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் ரிலீஸ் வைத்து 50 மீட்டரில் பத்துப் பத்தாகக் குத்துவார்கள். இழுப்பு 60 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் பொது. விரலுக்கென்று தனிப் பிரிவு வேண்டுமென்றால் அமெரிக்காவின் என்எஃப்ஏஏ வில்வித்தைச் சங்கத்தில் ஃப்ரீஸ்டைல் லிமிடெட் என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு விசா எடுக்க வேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி வருகிறது என்று ஏப்ரலில் அறிவித்ததிலிருந்து ஆளாளுக்குக் காம்பவுண்ட் கேட்கிறார்கள். நம் காம்பவுண்ட் வீராங்கனை ஜோதி சுரேகாவைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் விரல் சொல்லித்தர மாட்டேன். அவர்கள் ரிலீஸே கற்றுக்கொள்ளட்டும். ரிலீஸ் ஏமாற்று வேலை என்று ஒருவர் எழுதியதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கையே இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு வெண்கலம் எடுத்தார். எதால் விடுகிறோம் என்பதில் சாதி பார்க்காதீர்கள்.

22 ஜூன்

தனுஷ்கோடிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போனேன். தனுஷ் என்றால் வில், கோடி என்றால் முனை. வழியில் கோதண்டராமர் கோயில், கோதண்டம் ராமனின் வில். இப்படி ஊர்ப் பெயர் கோயில் பெயர் எல்லாம் வில்லாக இருக்கிற ஊரில் ஒரு நாண் வாங்கக் கடை இல்லை.

கச்சான் காற்று பிடித்துவிட்டது. காரின் மேல் ஒரு மணி நேரத்தில் மணலும் உப்பும் சேர்ந்து மாவு மாதிரி படிகிறது. வில்லுக்கும் இதுதான் நடக்கிறது. அலுமினிய ரைசர் தாங்கும். அச்சாணி நுனியில் குண்டுமணி அளவுக்கு ஒரு கிளிப் இருக்கிறதே, அதுதான் முதலில் துருப்பிடிக்கும். அது தெறித்தால் அச்சாணி நகரும், அப்புறம் 7 மே கதைதான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, கிளிப்பில் ஒரு சொட்டு எண்ணெய். நாணுக்கு மெழுகு. விரல் ஆட்களுக்கு நடு நாணில் சுற்றிய நூல் சீக்கிரம் தேயும், அதை மாதம் ஒருமுறை நகத்தால் வருடிப் பாருங்கள். விரல்தோல் வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்தால் முகப்பவுடர் தடவுங்கள். வெயிலில் பூட்டிய காரில் வில்லை வைக்காதீர்கள், லிம்பின் அடுக்கு பிரியும்.

6 ஜூலை

கேட்டவருக்கு வில் கிடைத்துவிட்டதாம். மச்சான் 30 அங்குலத்தை விட்டுவிட்டு, அலைந்து ஒரு பழைய 41 பிடித்திருக்கிறார், 65 சதவீதம். விமானத்தில் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார், கைப்பையில் விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். படம் அனுப்பினார். கேபிள் நுனியில் இரும்புக் கண்ணீர்த்துளி மாதிரி கொக்கி. அதைப் பார்த்து எனக்குத்தான் அதிக சந்தோஷம். அந்த மாதிரி கொக்கி உள்ள பழைய வில்லில் நாணை மாற்றப் பெரிய பிரெஸ் மெஷின் தேவையில்லை, கொக்கியில் இருக்கிற இன்னொரு காதில் கயிற்றை மாட்டி வளைத்து மாற்றலாம். புது வில் என்றால் ஒவ்வொரு தடவையும் பிரெஸ் இருக்கிற ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.

20 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை அவர் வில்லோடு தோப்புக்கு வந்தார். லிம்ப் திருகைத் தளர்த்தி 44 பவுண்டுக்கு இறக்கினோம், முழு இழுப்பில் விரலில் 15 சொச்சம் நிற்கிறது. 17 வேண்டும் என்று எழுதியவன் நான், தோளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதல் பத்து அம்பு பரவலாகப் போனது. ரீகர்வ் பழக்கத்தில் சுவரில் (இதற்கு மேல் இழுக்க முடியாது என்று வில் நிற்கிற இடம்) முட்டியதும் இன்னும் பின்னால் இழுக்கப் பார்க்கிறார், வில் வரமாட்டேன் என்கிறது. அப்புறம் பாம்பன் மாமா சொன்னதை அவருக்குச் சொன்னேன். பதினைந்தாவது அம்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்குள் மூன்று, பிறகு ஒன்று வெளியே, பிறகு இரண்டு. தோள் எப்படி என்றேன். தோள் தெரியவில்லை, சுட்டுவிரல்தான் எரிகிறது என்றார். தோலை ஒரு மடிப்பு தடித்ததாக வெட்டிக்கொடுத்தேன். செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய துண்டு, பத்து ரூபாய்.

3 ஆகஸ்ட்

வேலிக்கு ஓலை வெட்ட ஆள் வந்தது. சாக்குக்கு இடதுபுறம், ஏழெட்டு அடி தள்ளி ஒரு ஆண் பனை நிற்கிறது, நுங்கு காய்க்காது என்பதால் வருடக்கணக்கில் யாரும் ஏறியதில்லை. காவோலையைக் கழிக்கிறபோது மேலேயிருந்து சத்தம் போட்டார், அண்ணே இங்கே ஒரு கம்பி குத்திக்கிட்டு நிக்குதுன்னு. மட்டைக்குள் பாதிவரை இறங்கியிருந்தது. மஞ்சள் இறகில் இரண்டு காணோம், எறும்பு கூடு கட்டியிருக்கிறது, நாக் மட்டும் நேற்று மாட்டிய மாதிரி பளபளவென்று இருக்கிறது. 31 அங்குல வில்லின் ஆறாவது அம்பு.

ஆடு மேய்க்கிற பொடியன்களில் ஒருவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. சாயங்காலம் டீக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.